கூடைக்குக் கழிவு

இந்தியாவில் கிலோ வந்துவிட்டதாம், இங்கே இலங்கையிலும் வரப்போகிறதாம் என்று ஹட்டன் கடைத்தெருவே புலம்பிக்கொண்டிருந்தது. அரிசிக்கடை முதலாளி தன் றாத்தல் எடைக்கற்களைக் காட்டி, "இதையெல்லாம் தூக்கிக் குப்பையிலதான் போடணும். புதுசுக்குக் காசு யாரு குடுப்பா?" என்றார். பக்கத்துத் துணிக்கடைக்காரருக்கு, மீட்டரும் வருமாமே என்று அளவுகோலைப் பற்றிக் கவலை. அரிசி வாங்க நின்ற எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. தராசை மாற்றினால் செலவாம். இருக்கிற தராசுக்கு நாங்கள் தினம் தினம் தண்டம் அழுதது எவன் கண்ணில் பட்டது?

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை கூடைக்கென்று இரண்டு றாத்தல் கழிப்பார். மழை பெய்தால் ஈரத்துக்கும் கழிப்பார். வெயில் காய்ந்தாலும் ஈரத்துக்குக் கழிப்பார். மூங்கில் கூடை அவ்வளவு கனக்காது என்று அதைச் சுமக்கிற முதுகுக்குத் தெரியாதா? கழித்தது போக, தோட்டம் குறித்த நிறையை எட்டினால் முழுப்பேர். எட்டாவிட்டால் அரைப்பேர், பாதிச் சம்பளம். அம்மாவுக்குக் கை வேகம் குறைந்துபோன வருஷம் அது. அந்த வாரம் முழுக்க அவளுக்கு அரைப்பேர்தான்.

"சாண் ஏறினா முழம் சறுக்குது" என்றாள்.

"நாளைக்குக் கூடையோட நிறுக்க வேணாம்மா. கொழுந்தச் சாக்குல கொட்டிக் கொண்டு போ" என்றேன்.

அப்படியே செய்தாள். அன்று சாயங்காலம் தராசில் தொங்கியது பழைய சாக்குதான். கணக்கப்பிள்ளை வழக்கம்போலக் கூடைக்கு இரண்டு றாத்தல் கழித்தார். நிறை மறுபடியும் எட்டவில்லை.

"கூடை எங்கங்க ஐயா இருக்கு?" என்று அம்மா மெதுவாகக் கேட்டாள்.

அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "கூடை இல்லாட்டி என்ன, கழிவு கழிவுதான். அரைப்பேரு. அடுத்த ஆளு வா."

"இல்லாத கூடைக்கு ஏங்க ஐயா நிறை?" என்று நான் கேட்டேன்.

"வாய் நீண்டா உனக்கும் அரைப்பேருதான்."

அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

ரொம்ப வருஷம் கழித்துக் கிலோ வரத்தான் செய்தது. அரிசிக்கடை முதலாளி ஒன்றும் தெருவுக்கு வந்துவிடவில்லை. தோட்டத்திலும் புதுத் தராசு தொங்கியது. அம்மா அப்போது இல்லை. வரிசையில் நான் நின்றேன். வந்திருந்த புதுக் கணக்கப்பிள்ளை, "ரெண்டு றாத்தலுன்னா ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. அந்தக் கொசுறையெல்லாம் யாரு பாக்கிறது?" என்று சொல்லிக் கூடைக்கு முழுசாக ஒரு கிலோ கழித்தார்.

புதுசுக்குக் காசு யார் கொடுப்பார்கள் என்று அந்த முதலாளி கேட்டாரே, நாங்கள்தான் கொடுத்தோம்.