குளிர்காலத்துக்கு வேண்டியவை

"மூச்சைப் பிடிக்காதீங்கப்பா. சாதாரணமா நில்லுங்க."

"சாதாரணமாத்தான் நிக்கிறேன். நீ டேப்பை முறுக்காமப் பிடி."

அப்பா பனியனோடு கண்ணாடி முன்னால் நின்றிருந்தார். நான் அவருக்குப் பின்னால் முட்டி போட்டு, டேப் இடுப்பைச் சுற்றி ஒரே மட்டத்தில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பருவம் மாறும்போதெல்லாம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் இது நடக்கும். தோள், மார்பு, இடுப்பு, கை நீளம். அவர் படித்துச் சொல்வார், நான் நோட்டில் எழுதுவேன். அதற்கு அப்புறம்தான் அந்தப் பருவத்துக்கு என்னென்ன உடுப்பு வேண்டும் என்ற பட்டியலை எழுத உட்காருவார். அளவு தெரியாமல் ஆசைப்படுவது அவருக்குப் பிடிக்காது.

"எண்பத்தாறு" என்றார். மூன்று மாதத்துக்கு முன்னால் எழுதியது தொண்ணூற்றிரண்டு.

"ஆறு சென்டிமீட்டர் எங்கம்மா போச்சு?"

டேப்பை வாங்கி, மேஜைமேல் என் இரும்பு அளவுகோலுக்குப் பக்கத்தில் விரித்தேன். அவர் படிப்பில் சேர்ந்த நாளில் வாங்கிய துணி டேப். மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர் நீண்டிருந்தது. நீண்டுபோன டேப் குறைத்துக் காட்டும்.

"டேப்தான்பா தப்பு. இழுத்து இழுத்து நீண்டுபோச்சு. அதான் கம்மியாக் காட்டுது."

"அப்ப நான் அதே ஆள்தானே?"

"அதே ஆள்தான்."

நாங்கள் சேர்ந்து செய்த கடைசிச் சாதாரண வேலை அது. எட்டு வாரத்தில் அவர் இறந்துபோனார். எண்பத்தாறு என்பது என் கையெழுத்தில் இருக்கிறது.

அப்பா ஆடை வடிவமைப்பில் இரண்டாம் ஆண்டு மாணவர். வயது அறுபத்தொன்று. அதற்கு முன்னால் முப்பத்து மூன்று வருடம் குடிநீர் நிலையத்தில் பம்ப் ஆபரேட்டர். மணிக்கு ஒருமுறை அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். வருடத்துக்கு இரண்டு செட் நீலச் சீருடை. ஸ்டோரில் இருந்தது இரண்டே அளவு. ஒன்றில் அவருக்குக் கை நுழையாது. மற்றொன்றில் அவரோடு இன்னொருவரும் நுழையலாம்.

ஓய்வுபெற்ற மறுநாள் சீருடையைத் தூக்கிப் போடுவார் என்று நினைத்தேன். பிளேடை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து தையல் தையலாகப் பிரித்தார். மத்தியானம் நான் வந்து பார்த்தபோது கூடம் முழுக்க நீலத் துண்டுகள், வரிசையாக.

"இருபத்தோரு துண்டும்மா. இதுக்குள்ளதான் இத்தனை வருஷம் இருந்திருக்கேன். ஒண்ணுகூட என்னைப் பார்த்து வெட்டினதில்ல."

அடுத்த வாரம் கல்லூரியில் விண்ணப்பம் வாங்கிவந்தார். செய்தி கேட்டு அத்தை, அவருடைய அக்கா, நேரிலேயே வந்துவிட்டார்.

"ஏன்டா, ஊரு உலகத்துல ரிட்டயர் ஆனவன் வாக்கிங் போறான். உனக்கு மட்டும் ஃபேஷன் கேக்குதா?"

"வாக்கிங் போகத்தான்கா நல்ல பேன்ட் வேணும்."

"அந்தப் பொண்ணு இருந்திருந்தா உன்னை இப்படி விட்டிருப்பாளா?" அத்தை சொன்னது என் அம்மாவை. அம்மா போய் ஒன்பது வருடம் ஆகிறது. அப்பா அத்தையின் ரவிக்கைக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, "அக்கா, உங்க டெய்லர் இடது கையைச் சாய்ச்சு வச்சிருக்கான். குடுத்தனுப்புங்க, பிரிச்சுத் தச்சுத் தரேன்" என்றார். அத்தை வாசலில் நின்று இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்.

வகுப்பில் இருபத்தாறு பேர். மற்ற இருபத்தைந்து பேரில் யாருடைய வயதும் அப்பாவின் சர்வீஸைத் தொடவில்லை. முதல் வாரம் அவரை "அங்கிள்" என்றார்கள். ஒரு மாதத்தில் "பம்ப் சார்" ஆனார். ஆசிரியை என்னைவிடச் சின்னவர். அவர் உள்ளே வந்தால் அப்பா எழுந்து நிற்பார். வேறு யாரும் எழுந்திருப்பதில்லை என்பதால் ஆசிரியை, "சார், ப்ளீஸ், உக்காருங்க" என்று தினமும் கெஞ்ச வேண்டியிருந்தது.

முதல் பாடத்தில் உங்கள் உடை விருப்பம் என்ன என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். அப்பா நான்கு நாள் பேனாவைக் கடித்தார். கடைசியில் எழுதியது இப்படி ஆரம்பித்தது: "எனக்கு இதுவரை விருப்பம் இருந்ததில்லை, சைஸ் மட்டும் இருந்தது. ஆகவே இனிமேல்தான் பார்க்க வேண்டும்."

பார்த்தார். தெருவில், பேருந்தில், பல் டாக்டரின் வரவேற்பறையில். யார் முகமும் அவருக்கு நினைவிருக்காது, காலர் நினைவிருக்கும். ஒருமுறை முன்னால் போனவரின் கோட்டில் தோள்மூட்டு விழுந்த விதம் பிடித்துப்போய் மூன்று தெரு பின்தொடர்ந்தார். அந்த ஆள் சட்டென்று திரும்பி, "என்னய்யா வேணும் உனக்கு?" என்று அதட்டினார். "ஒண்ணுமில்ல சார், கையை ஒருதடவை தூக்கிக் காட்டுறீங்களா?" என்றாராம் இவர். அந்த ஆள் காட்டினாராம். அது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

அவருக்குப் பிடித்தவை கொஞ்சம்தான். கனமான துணி. வயிற்றுக்கு மேலே ஏறி உட்காரும் பேன்ட். ஆழமான பை, அதாவது கை மணிக்கட்டு வரை போக வேண்டும். சட்டைக்குச் சம்பந்தமே இல்லாத நிறத்தில் சாக்ஸ். எழுத்து அச்சடித்த பனியன்கள் ஆகாது. "மனுஷன் என்ன நோட்டீஸ் போர்டா?" நீலம் அறவே கிடையாது. புதுத் துணி புதுசாகத் தெரிந்தால் கூச்சப்படுவார். இரண்டு நாள் வீட்டில் உடுத்தி, உட்கார்ந்து, படுத்து எழுந்து, பிறகுதான் வெளியே போட்டுப் போவார்.

பருவப் பட்டியலை பம்ப் நிலையப் பதிவேடு மாதிரியே கோடு போட்டு எழுதுவார். பொருள், நிறம், ஏன், நிலை. இந்த "நிலை" என்ற கட்டம்தான் வேடிக்கை. வாங்கியாச்சு என்பது அதில் அபூர்வம். பார்த்தாச்சு. தொட்டாச்சு. போட்டுப் பார்த்தாச்சு. வேண்டாம். மழைக்காலத்தில் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் "தொட்டாச்சு"வோடு நின்றது. வெயில் காலத்தில் வைக்கோல் தொப்பி கடைக்குள் பத்து நிமிடம் தலையில் இருந்தது. "அது போதும்மா. கழட்டி வைக்கும்போது ஆசை தீர்ந்துடுச்சான்னு தெரிஞ்சிடும். தீரலைன்னா அடுத்த வருஷ லிஸ்ட்ல வரும்."

குளிர்காலத்துக்கு வேண்டியவை என்ற கடைசிப் பட்டியலில் நான்கு வரி இருக்கிறது. கரும்பச்சைக் கோட்டு. கடுகு நிற மஃப்ளர். லேஸ் இல்லாத பழுப்பு ஷூ. காதை மூடும் குல்லா, கூச்சப்படாமல். கோட்டு கடையில் வாங்குவதற்கு இல்லை, அவரே தைப்பது. வருடக் கடைசியில் மாணவர்கள் தாங்கள் தைத்ததை மேடையில் காட்ட வேண்டும். மற்றவர்கள் மாடல்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அப்பா ஆசிரியையிடம், "மேடம், எனக்குத் தைக்கிறேன், நானே போட்டுக்கிட்டு நடக்குறேன். நடை வரலைன்னா மார்க்கைக் குறைச்சுக்குங்க" என்றார். அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். தன்னைப் பார்த்து வெட்டிய ஒரு கோட்டில் இருபத்தைந்து அடி நடப்பது.

மழைக்காலத்திலேயே அதைத் தைக்க ஆரம்பித்திருந்தார். அந்த மாதங்களில் அவர் அழகாகிக்கொண்டே வந்தார் என்று எல்லோரும் சொன்னார்கள். "பம்ப் சார், மாடல் மாதிரி ஆயிட்டீங்க" என்று வகுப்பில் கைதட்டினார்களாம். அத்தைகூட, "படிப்பு ஒத்துக்குதுடா உனக்கு, பத்து வயசு கொறைஞ்ச மாதிரி இருக்க" என்றார். அப்பா கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் திரும்பி நின்று என்னைக் கூப்பிடுவார். "துணி விழுற விதமே மாறிப்போச்சு பாரு." பார்த்தேன். நன்றாகத்தான் விழுந்தது. பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட்டிருந்தார். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுத் தையலுக்குப் போனால், வேலை மும்முரம் என்று தட்டை எடுத்துவைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை கண் வெள்ளை மஞ்சளாக இருந்தது. மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எப்போலேர்ந்து எடை குறையுது?" என்று கேட்டார்.

"எடை குறையல டாக்டர்" என்றார் அப்பா. "டேப் நீண்டுபோச்சு, அதுதான் அப்படிக் காட்டுது. எம் பொண்ணு சோதிச்சுச் சொன்னா." பிறகு, டாக்டருக்கு என்மேல் மதிப்பு வர வேண்டுமே என்று, "அவ அந்த வேலைதான் பாக்குறா. அவ கையெழுத்து போட்டாத்தான் பெரிய பெரிய கம்பெனியிலயே தராசு ஓடும்" என்றார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அவர் மேஜைக்காலைப் பார்த்தேன்.

உண்மைதான். அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வகத்தில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் நான் சொல்லிக்கொடுப்பது இது: தப்பான கருவியாலும் மாற்றத்தை அளக்கலாம். இரண்டு முறையும் அதே கருவி என்றால் இரண்டு முறையும் அதே பிழை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பிழை போய்விடும், வித்தியாசம் மட்டும் நிற்கும். தொண்ணூற்றிரண்டும் அதே டேப்பில் எடுத்ததுதான். எண்பத்தாறும் அதே டேப்பில் எடுத்ததுதான். ஒரு பிழையைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அத்தோடு நிறுத்திவிட்டேன். நான் கழிக்கவில்லை.

கணையம் என்றார்கள். மூன்று வாரம் முன்னால், அளந்த அந்த ஞாயிறன்றே வந்திருந்தால் என்று தனியாகக் கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். என் தொழிலில் எந்த எண்ணுக்கும் பக்கத்தில், இது இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்று எழுதியாக வேண்டும். அவர் சொன்ன பதிலுக்குப் பக்கத்தில் எழுத என்னிடம் எதுவும் இல்லை.

ஆஸ்பத்திரி அங்கியைப் பார்த்து அப்பாவுக்குக் கோபம் வந்தது. "முடிச்சைப் பின்னாடி வச்சிருக்கான் பாரு. போட்டுக்கிறவனுக்கே கட்ட முடியாத சட்டையைத் தச்சவன் ஃபெயில்." நர்ஸ் சிரித்தார். அவருடைய காலர் மட்டும் பாஸ் என்றார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பி, "இருபத்தி மூணாந்தேதி ஷோ. டாக்டர்கிட்ட நீ கேட்டு வை. ஒரு மணி நேரம் விட்டாப் போதும்" என்றார். தினமும் சொன்னார். நான் தினமும் கேட்பதாகச் சொன்னேன். இருபதாம் தேதி காலையில் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து நோட்டைத் திறந்தேன். கோட்டின் எதிரே, நிலை என்ற கட்டத்தில், "காஜாவுக்குக் குடுத்தாச்சு" என்று இருந்தது. பட்டன் துளைகளை மெஷினில் தைத்துத் தருகிற காஜாக் கடை ஒன்று கல்லூரிக்குப் பின்தெருவில் இருக்கிறது. இரண்டு கைகளையும் விரித்தால் சுவர் இடிக்கும் அளவுக் கடை. விசாரித்தேன்.

"பம்ப் சார் பொண்ணா?" கடைக்காரர் மெஷினை ஓட்டிக்கொண்டே பேசினார். "ஷோ தேதியும் போயிடுச்சு, கோட்டு இங்கேயே கெடக்கு. சாரைக் கொஞ்சம் காதைப் பிடிச்சுத் திருகுங்கம்மா."

சொன்னேன். மெஷின் நின்றது. அவர் எழுந்து, உள்ளே கயிற்றில் தொங்கிய கோட்டைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தார். கரும்பச்சை. நல்ல கனம். ஒரு பக்கம் மூன்று காஜாவும் போட்டு முடித்திருந்தது. மறுபக்கம் பட்டன் இல்லை. சாக்குக் கட்டியால் இட்ட வெள்ளைக் குறிகள் மட்டும், மூன்று மூன்றாக இரண்டு வரிசை.

"மொத தடவை இங்க குறிச்சார். பத்து நாள் கழிச்சுப் போட்டுப் பார்த்தா லூசு. ரெண்டு விரல் உள்ள தள்ளி இங்க குறிச்சார். அடுத்த வாரம் வந்தார், அதுவும் பத்தல. நான்தான் கேட்டேன், என்ன சார், உடம்பு கிடம்பு சரியில்லையா, இப்படி இளைச்சுட்டீங்களேன்னு. அட போப்பா, டேப் கோளாறு, எம் பொண்ணே கண்டுபிடிச்சிட்டான்னார். மூணாவது தடவை நான் குறிக்க மாட்டேன், அவ வந்து அளக்கட்டும், அவ அளந்தா அதுக்கு அப்புறம் மறுபேச்சு இல்லைன்னார்."

என்னைக் கூட்டிவருவதாக அப்பா என்னிடம் சொல்லவே இல்லை. எந்தத் தேதிக்கு என்று கேட்டேன். கடைக்காரர் சுவர் காலண்டரில் விரல் வைத்தார். நான் அவரை மருத்துவமனையில் சேர்த்த வெள்ளிக்கு மறுநாள்.

"இப்படித்தாம்மா நின்னார்" என்றார் அவர். தன் சட்டையை இரண்டு பக்கமும் இழுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக விலா வரைக்கும் கொண்டுபோய், கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். "இப்படிப் பிடிச்சுக்கிட்டே சொன்னார். சனிக்கிழமை அவளுக்கு லீவு, கூட்டிட்டு வரேன். அதுவரைக்கும் பட்டன் வைக்காதீங்கன்னார்."