மெழுகு உடையாத ஜாடி

பக்கத்தில் வாருங்கள், கண்ணுகளா. கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். சாப்பிடாதவர்கள் இதைக் கேட்டு முடித்தபின் சாப்பிட்டுக்கொள்ளலாம்... முடிந்தால். இது கட்டுக்கதை இல்லை. பட்டவள் என் பக்கத்து வீட்டு எவுதோசியா. அவள் பொய் பேசி நான் கேட்டதில்லை.

பெரு நாட்டு மலையில், மேகத்துக்கும் மேலே எங்கள் ஊர். கடற்கரையில் வளர்ந்த மாட்டை இங்கே ஏற்றினால் சிலவற்றுக்கு மூச்சு தாங்காது. நுரையீரலின் ரத்தக் குழாய்கள் தடித்துப்போய், உடம்பில் நீர் கோத்துச் செத்துவிடும். அந்த நுரையீரலை மெல்லியதாகச் சீவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, செத்த காரணத்தைச் சொல்வதுதான் எவுதோசியாவின் வேலை.

தெயோபிலோ பத்துப் பசுவும் ஒரு காளையும் கடற்கரையிலிருந்து கொண்டுவந்தான். திங்கட்கிழமை காளை செத்தது. கழுத்துத் தோல் தண்ணீர்ப் பைபோலத் தொங்கியது. அறுத்தபோது மூச்சுக்குழாயிலிருந்து ரோஸ் நிற நுரை வழிந்தது. எவுதோசியா ஒரு பக்க நுரையீரலுக்குள், அழுகாமல் காக்கும் ஃபார்மலின் மருந்தை ஊற்றினாள். மூச்சிழுத்ததுபோல அது உப்பியது. அதன் வாயை நீலக் கம்பளி நூலால் கட்டி ஜாடியில் இட்டாள். புதன்கிழமை அதில் நகக்கண் அளவு வெட்டிக்கொண்டு, மூடியை மெழுகால் அடைத்தாள்.

மறுபக்கத்தைத் திங்கட்கிழமையே தெயோபிலோ தூக்கிக்கொண்டு போயிருந்தான். "ஒனொராத்தா கடையில நுரையீரல் குழம்பு வைப்பா. வீணாக்குவானேன்?"

வெள்ளிக்கிழமை மதியம் 1:05. அதே கடைக்கு எவுதோசியாவையும் கூட்டிப்போனான். அவள் மகளுக்கு அவன் ஞானத்தகப்பன். அதனால் கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவான்.

"கொமாத்ரே, ஞாயித்துக்கிழமை சந்தை. காளை செத்தது புல்லுல இருந்த விஷத்தாலன்னு எழுதிக் குடு. பசுவைத் தள்ளிவிட்டுருவேன்."

"மூச்சு முட்டுற பசுவை எவன் தலையில கட்டப்போறீங்க?"

"வாங்குறவன் பாடு. நீ தின்னு முதல்ல. காத்தடிச்சா பறந்துருவ போலிருக்க."

அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். தின்றாள். துண்டுகள் பல்லுக்கடியில் நுரைப்பஞ்சுபோலக் கிறீச்சிட்டன. அடியில் ஏதோ ஒரு கசப்பு. சீரகம் கருகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

2:20. ஆய்வுக்கூடத்தில் தனியாக மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தாள். புதன்கிழமை வெட்டிய துண்டில் ரத்தக் குழாய்ச் சுவர் தடித்திருந்தது. நடுவில் ஊசிக்காது அளவே ஓட்டை. மலைதான் கொன்றிருக்கிறது. சந்தேகமேயில்லை.

ஆனாலும் காகிதத்தை எடுத்தாள். 'புல்லில்' என்று எழுதினாள்...

2:26. மறுபடி குனிந்தாள்.

ஓட்டை மூடியது.

திறந்தது.

மூடியது...

சாயம் ஏற்றிக் கண்ணாடிக்குள் ஒட்டிய துண்டு. செத்து நான்கு நாள். அது துடித்துக்கொண்டிருந்தது.

முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம். ஹ்ஹ்... களக். ஹ்ஹ்... களக்.

திரும்பினாள். ஜாடிக்குள் நுரையீரல் உப்பியது. சுருங்கியது. உப்பியது.

அதே நேரத்தில் அவள் வயிறும்.

ஹ்ஹ்... களக்.

தொண்டையில் ஏதோ ஏறியது. தொட்டிக்கு ஓடினாள். வாந்தி வந்தது. குழம்பு இல்லை. ரோஸ் நிற நுரை. வெதுவெதுப்பாக... ஃபார்மலின் நாற்றத்தோடு.

2:31. காகிதத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு, வாசலில் காத்திருந்த தெயோபிலோவிடம் ஓடினாள்.

"பசுவை இப்பவே கீழ கடற்கரைக்கு இறக்குங்க!"

"என்ன கொமாத்ரே, வாயெல்லாம்..."

"இறக்குங்கன்னா இறக்குங்க!"

அவள் வாயில் வழிந்த நுரையைப் பார்த்ததும் அவன் லாரி பிடிக்க ஓடினான். நான்கு மணிக்குப் பசுக்களோடு லாரி மலையிறங்கியது. பத்துப் பசுவும் பிழைத்தன.

ஞாயிற்றுக்கிழமை ஒனொராத்தாவைப் பிடித்துக்கொண்டாள். "அந்த அழுகலையாடி எனக்குப் போட்ட?"

"அடிப்பாவி! அது திங்கக்கிழமையே நாறுச்சு. நாய்க்குப் போட்டேன், அதுவும் மோந்துட்டுப் போயிருச்சு. உனக்கு வச்சது வெறும் உருளைக்கிழங்குடி. அன்னிக்குச் சட்டியில கறியே கிடையாது."

எவுதோசியா ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

மெழுகு உடையவில்லை. நீல முடிச்சு அவிழவில்லை.

ஆனால் நுரையீரலின் அடிப்பக்கம் சதுரம் சதுரமாக வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. சரியாக... ஒரு தட்டு அளவுக்கு.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் ஒருவருக்கும் மூச்சு முட்டாதிருக்கட்டும். சட்டியில் வெந்ததே உங்கள் தட்டில் விழட்டும்.