ஸ்டார்ட்டர் வாங்கப் போன பேட்ரிசியா

பேட்ரிசியாவின் பேச்சை நம்பினால், கூலாய் வட்டாரத்திலேயே செபஸ்தியன்தான் கொடுமைக்காரப் புருஷன் என்று நினைத்துவிடுவீர்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் மற்ற பெண்களெல்லாம் புருஷனோடு உட்கார்ந்து நிம்மதியாகப் பசியாறுவார்களாம். இவள் மட்டும் குளத்தங்கரைச் சேற்றில் குந்திக்கொண்டு பொம்மைப் படகைப் பிடித்துக்கொண்டிருப்பாளாம்.

"எம் முட்டி ரெண்டையும் அந்தப் படகுக்கு நேர்ந்து விட்டாச்சு லா," என்பாள் கோயில் வாசலில், எல்லோர் காதிலும் விழும்படி.

பொம்மை என்று சொன்னால் செபஸ்தியனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கை நீளப் படகுதான், ஆனால் உள்ளே இருப்பது அசல் பெட்ரோல் இஞ்சின். கயிற்றைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால்தான் அது கிளம்பும். கிளம்பிய அதே நொடியில் பின்னால் விசிறி சுழலத் தொடங்கிவிடும், சும்மா விட்டால் படகு பாய்ந்துவிடும். அதனால் ஒருவர் இழுக்க, இன்னொருவர் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடிக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பிடிக்கிற ஆள் பேட்ரிசியாதான்.

செடெனாக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், பால் மரம் வெட்டியவரின் மகளாகப் பிறந்தவள் அவள். பள்ளி முடித்த கையோடு செனாய் ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்தாள். நாள் முழுக்கப் பூதக்கண்ணாடியில் குனிந்து, ரேடியோ பலகைகளில் ஈயப் பற்றுவைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அங்கே ஃபோர்க்லிப்ட் ரிப்பேர் பார்த்தவர் செபஸ்தியன். ஊர்ப் பையன்கள் பூ வாங்கித் தருவார்கள், சினிமாவுக்குக் கூப்பிடுவார்கள். இந்த மனுஷன் ஒரு ஞாயிற்றுக்கிழமை குளத்துக்குக் கூட்டிப்போய், கையில் படகைக் கொடுத்து, "இறுக்கிப் பிடிச்சிக்கோ," என்றார். பைத்தியம்தான் இது என்று நினைத்துக்கொண்டே அவள் பிடித்தாள்.

கல்யாணத்துக்குப் பிறகு ஷிப்ட் வாழ்க்கை. அவர் வீட்டுக்குள் நுழையும்போது அவள் பஸ்ஸுக்கு ஓடுவாள். மகள் கிளாரிசாவை ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாற்றி மாற்றித்தான் வளர்த்தார்கள். வாரத்தில் இரண்டு பேரும் ஒரே இடத்தில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது அந்தக் குளத்தங்கரையில் மட்டும்தான். இதை பேட்ரிசியா யாரிடமும் சொன்னதில்லை. முட்டி வலியைப் பற்றி மட்டும் ஊருக்கே சொல்லியிருந்தாள்.

போன வருஷம் செபஸ்தியனின் வலது தோள் இறுகிப்போனது. சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு வருகிற தொல்லைதான், பழைய நிலைக்குத் திரும்ப நாளாகும் என்றார் டாக்டர். சட்டை போடவே அவள் கை கொடுக்க வேண்டியிருந்தது. கயிறு இழுப்பதைப் பற்றி நினைக்கவே முடியாது. படகு துணி போர்த்தி அலமாரி மேலே ஏறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் டிவி முன்னால் உட்கார்ந்தார், அவள் துணி மடித்தாள். 'அப்பாடா, முட்டி தப்பிச்சது' என்று சொல்லிப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

ஒரு நாள் பாசாரிலிருந்து மீனோடு திரும்பியவள் கேட்டருகே நின்றுவிட்டாள். கார் நிறுத்தும் இடத்தில் படகை வைத்துக்கொண்டு இடது கையால் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார் மனுஷன். கயிறு பாதிகூட வரவில்லை. முகமெல்லாம் வியர்வை, கண்ணும் கலங்கியிருந்தது. அவளைக் கண்டதும் சட்டென்று துணியை எடுத்துப் படகைத் துடைக்க ஆரம்பித்தார். அவளும் ஒன்றும் பார்க்காதவள்போல உள்ளே போய் மீனை அலசினாள். பாவமாக இருந்தது, அழுகையும் வந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே, "பேட்டரியில ஓடற ஸ்டார்ட்டர் இருக்காமே, போய் பாப்போமா?" என்று கேட்டாள். மறுநாளே இருவரும் ஜேபி டவுனுக்குக் காடியில் ஏறிக் கிளம்பினார்கள்.

சாந்தினி என்ற பெண் நடத்துகிற கடை அது. விமானம், படகு, குட்டிக் கார் என்று கூரை வரைக்கும் தொங்கும். இருவரையும் உட்காரவைத்துவிட்டு, "என்ன மாதிரி வேணும் அங்கிள்?" என்று கேட்டாள்.

"ஒரே ஆளா ஸ்டார்ட் பண்ற மாதிரி வேணும்மா. யார் தொணையும் தேவைப்படக் கூடாது," என்றார் செபஸ்தியன்.

பேட்ரிசியா மடியிலிருந்த கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி முறுக்கினாள்.

சாந்தினி இரண்டைக் கொண்டுவந்து வைத்தாள். ஒன்று துப்பாக்கி மாதிரி, பேட்டரி கைப்பிடிக்குள்ளேயே இருந்தது. "இது சென்னாங் லா அங்கிள், ரொம்ப சுலபம். படகை இந்த ஸ்டாண்டுல வார் போட்டுக் கட்டிட்டு, இஞ்சின் பின்னால செருகி, பட்டனை அமுக்குங்க. நீங்க ஒருத்தரே போதும்." இன்னொன்று கனமான மோட்டார், பேட்டரி தனி. இஞ்சின் சக்கரத்தில் மாட்டிய ரப்பர் பெல்ட்டை மோட்டாரில் கோத்து, இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்ட வேண்டும். "தோளை ஒசத்த வேணாம், முழங்கை மடிஞ்சா போதும். ஆனா படகை அமுக்கிப் பிடிக்க இன்னொரு ஆள் கட்டாயம் வேணும்."

"இஞ்சினுக்குள்ள பெட்ரோல் தேங்கிட்டா?" என்று கேட்டார் செபஸ்தியன். மெக்கானிக் புத்தி சும்மா இருக்குமா!

"துப்பாக்கி விடாது அங்கிள், முரட்டுத்தனமா சுத்தி உள்ள கம்பியையே வளைச்சிடும். நீங்கதான் பாத்துக்கணும். பெல்ட்டுன்னா வழுக்கிடும், இஞ்சின் பொழைச்சிக்கும்."

செபஸ்தியன் இரண்டையும் தூக்கித் தூக்கிப் பார்த்தார். பெல்ட்டுப் பக்கம் கண் போனது. ஆனாலும், "பரவால்ல, இதையே குடும்மா," என்று துப்பாக்கியை சாந்தினி பக்கம் தள்ளினார்.

பேட்ரிசியா கைப்பையைத் திறந்தாள். அவருக்குப் பிடித்ததைத் தன் கையால் வாங்கிக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

செபஸ்தியன் திரும்பிப் பார்த்தார். இத்தனை நேரம் இவள் வாயை மூடிக்கொண்டு இருந்ததே இல்லை. "என்னம்மா, ஒடம்புக்கு முடியலையா?"

"ஒண்ணும் இல்ல. நீங்க தனியாவே போய்ட்டு வரலாம், நல்லதுதான்."

"ஒனக்காகத்தான்மா. இத்தனை வருஷமா முட்டி வலிக்குது, முட்டி வலிக்குதுங்கற. இனிமேலாவது வீட்ல ரெஸ்ட் எடு. எனக்காக நீ கஷ்டப்பட்டது போதும்."

"அலமாக்!" கைப்பையை மேசைமேல் போட்டாள் பேட்ரிசியா. "முட்டி வலிக்குதுன்னு சொன்னேங்க. வரமாட்டேன்னு என்னைக்காவது சொன்னேனா?"

சாந்தினி நாசூக்காக எழுந்து அலமாரியில் எதையோ தேடப் போனாள். செபஸ்தியன் துப்பாக்கியை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, "அந்த பெல்ட்டையே குடும்மா. இஞ்சினுக்கு அதுதான் நல்லது," என்றார்.

"இஞ்சினுக்காமே, இஞ்சினுக்கு," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே முனகினாள் பேட்ரிசியா.

அடுத்த ஞாயிறு குளத்தில் காற்றே இல்லை. அக்கரையில் செம்பனை மரங்கள் தண்ணீரில் தலைகீழாக நின்றன. அவள் வழக்கம்போல "ஐயோ, முட்டி" என்று சொல்லிக்கொண்டே குந்தி, படகின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் அமுக்கினாள். செபஸ்தியன் பெல்ட்டைக் கோத்து, முழங்கையை மடித்துத் தூக்கி, பட்டனை அமுக்கினார். இரண்டு தரம் இருமியது. மூன்றாவது தரம் இஞ்சின் சீறிக்கொண்டு எழுந்தது. அவள் உள்ளங்கை முழுக்க அந்த அதிர்வு ஏறியது. தண்ணீர் முகத்தில் தெறித்தது.

எப்போதும் இஞ்சின் பிடித்த மறுகணமே, "விடு, விடு!" என்று கத்துகிறவர் அவர். இன்று ஸ்டார்ட்டரைக் கீழே வைத்துவிட்டு, அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க, விடவா?" இஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தினாள் பேட்ரிசியா.

"இரும்மா," என்றபடி அவரும் அவளருகே குந்தினார். "இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சிக்கோ."