மூன்றாவது ஆல்பத்தால் விட்டுப்போன பேச்சு

பங்காருபாளையம் முரளிதரனும் அவன் மாமன் மகன் ஜெகநாதனும் முகம் பார்க்காமல் போனதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். வரப்புத் தகராறு என்பார்கள். வசந்தாவுக்குப் பிறந்த வீட்டுச் சீர் சரியாக வரவில்லை என்பார்கள். வசந்தா முரளியின் அம்மா; ஜெகநாதனின் நைனா நாராயணசாமிக்குக் கூடப்பிறந்த தங்கை. அண்ணன் தங்கச்சி நடுவில் ஒரு முள்ளும் விழுந்ததில்லை. பையன்கள் அடித்துக்கொண்டது ஒரு பாட்டு கோஷ்டிக்காக. சொன்னால் யார் நம்புவார்கள்?

இரும்புத் தும்பி என்று பெயர். சென்னைப் பக்கத்து ராக் கோஷ்டி, சினிமாவுக்குப் பாடாதவர்கள். திருப்பதியில் ஐடிஐ படித்த காலத்தில் இரண்டு பேரும் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு முதல் ஆல்பத்தைக் கேட்டார்கள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம், மீசை நரைக்கத் தொடங்கியும் விடவில்லை.

முரளியைக் கேட்டால் சொல்வான்: முதல் ஆல்பம் மிளகாய்ப்பொடி தொட்ட மாங்காய், பல் கூசும், கை நிற்காது. இரண்டாவதில் டிரம்ஸ்காரன் அடிக்கிற இடத்தைவிட அடிக்காமல் விடுகிற இடம் அழகு. மூன்றாவதில்தான் வம்பு. கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, ஒரு ஆர்மோனியப் பெட்டியும் வெறும் தொண்டையுமாக உட்கார்ந்துவிட்டார்கள்.

“கோஷ்டி செத்துப்போச்சு” என்றான் ஜெகநாதன்.

“இப்பதான்டா பொறந்துக்குது” என்றான் முரளி.

பேச்சு நடந்தது முரளியின் தங்கை யாமினி கல்யாணப் பந்தியில். வார்த்தை தடித்தது. ஜெகநாதன் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினான். அப்புறம் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பந்தியில் எழுந்தவனை யார் கூப்பிடுவது, கூப்பிடாமல் யார் வருவது?

இந்த வருஷ மாங்காய்க்கு விலை இல்லாவிட்டாலும் வரிசை இருந்தது. சித்தூர் மாங்கூழ் பாக்டரி வாசலில் டிராக்டர்கள் ரோட்டோரமாக நின்றன. அங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு: முன்வண்டி நகர்ந்தும் நகராதவனைப் பின்னால் இருக்கிறவன் தாண்டிப் போகலாம். விதியைப் பார், முரளிக்குப் பின்னால் வந்து நின்றது ஜெகநாதன் வண்டி.

முரளிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. டீசல் வீணாகாமல் எஞ்சினை அணைத்தான். மட்கார்டில் கட்டியிருந்த பெரிய ஸ்பீக்கர் பாக்ஸை அணைக்கவில்லை. காலையிலிருந்து நாலு ஆல்பமும் ஓடின. மூன்றாவது மட்டும் மறுபடி மறுபடி. பின்வண்டிக்காரனுக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

முன்வண்டி ரத்னம்மா திரும்பிப் பார்த்தாள். “ஏமய்யா, யார் வூட்ல எழவு? ஒரு கோவிந்தா பாட்டு போடக் கூடாதா?”

“கேட்டுக்கினே இரும்மா. நாலாவது ஆல்பத்துல கிட்டார் திரும்ப வரும். ஆனா பொறுமை கத்துக்கினு வரும். மூணாவது இல்லன்னா அது ஏது?”

சத்தமாகத்தான் சொன்னான்.

மத்தியானம் கேட் திறந்தது. “சாயந்திரத்தோட சரி! அப்புறம் மெஷின் கழுவறோம், ரெண்டு நாளைக்கு எடுக்க மாட்டோம்!” என்று காவல்காரன் கத்தினான். முரளியின் டிரெய்லரில் அடியில் கிடந்த காய் இளகி வாசனை விட ஆரம்பித்திருந்தது. இன்றைக்கு உள்ளே போகாவிட்டால் ஒரு வருஷத்துத் தோட்டமும் குப்பைக்குத்தான்.

ரத்னம்மா வண்டி நகர்ந்தது. முரளி சாவியைத் திருகினான். ‘டிக்’ என்றது. இன்னொரு ‘டிக்’. பாட்டு பேட்டரியை உறிஞ்சிவிட்டிருந்தது.

ஜெகநாதன் வண்டியை ஒடித்துப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். வருஷங்கள் கழித்து முதல் பேச்சு:

“மூணாவது ஆல்பம் வேஸ்ட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லு. கயிறு கட்றேன்.”

முரளி திரும்பித் தன் மாங்காயைப் பார்த்தான். வாசனை மூக்கில் ஏறியது.

“அழுகிப் போவட்டும் போடா. பொய் சொல்லி விக்கிற காயி எனக்கு வாணாம்.”

ஜெகநாதன் கியர் போட்டு முன்னால் போனான். சட்டம் அவன் பக்கம். முரளி பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான். சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்க மனசு வரவில்லை.

நாலடி போன வண்டி நின்றது. ஜெகநாதன் கயிற்றோடு இறங்கினான்.

“சொல்லியிருந்தா உட்டுட்டுப் போயிருப்பேன்” என்று குனிந்து முடிச்சுப் போட்டான். “கிளச்ச மிதி. இழுக்கும்போது உடு.”

அவன் வண்டி உறுமி இழுத்தது. முரளி கிளச்சை விட்டான். இருமி, குலுங்கி, எஞ்சின் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்துக்கு மேலே ஜெகநாதனின் பாக்ஸில் ஒரு பாட்டு கிளம்பியது. ஆர்மோனியப் பெட்டி. வெறும் தொண்டை.

“டேய்! மூணாவது உன்கிட்ட எப்படிடா?”

“தப்பு சொல்றதுக்குக் கேக்க வாணாமா? கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆயிடுச்சு.”

இரண்டு லோடும் சாயந்திரத்துக்குள் உள்ளே போய்விட்டன. எடை போட்டு வெளியே வந்து ஜெகநாதன் கயிற்றைச் சுருட்டினான்.

“தொண்டை நல்லாத்தான் இருக்குது. இல்லன்னு சொல்லல. ஆனா கிட்டார் மட்டும் இருந்திருந்தா…”

“ஆரம்பிக்காத. உன் இலையில பாதிச் சோறு அப்படியே கெடக்குதுன்னு அம்மா இன்னும் சொல்லிக்கினு இருக்குது. வா மச்சான், துன்னு முடிச்சுட்டு சண்ட போடு.”