கதவுக்கு விட்ட இடம்

இதைச் சொன்னால் என் வீட்டுக்காரரே சிரிக்கிறார். சிரிக்கட்டும். கதை கட்டுகிற அளவுக்கு எனக்குப் பொறுமையும் கிடையாது, கற்பனையும் கிடையாது. அந்தச் சரக்கெல்லாம் எங்கள் வீட்டில் தங்கையோடு சரி. இது அவளுக்கு நடந்தது. ஒரு வார்த்தை கூடச் சேர்க்கவில்லை.

"அவ தனியா இருந்தப்ப நடந்ததை, பக்கத்துல நின்னு பார்த்த மாதிரி சொல்றியே, எப்படி?" என்று ஒரு தோழி கேட்டாள். தங்கை சொல்லித்தான் தெரியும். வேறெப்படித் தெரியும்?

அப்படித்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன், போன வாரம் வரைக்கும்.

தங்கை அப்போது பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் ஆண்டு. அப்பாவுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. "வேஷம் போடறதுக்கு ஒரு பட்டமா? ஒரே ஒரு பேப்பர்ல கோட்டை விடு, மறுநாளே மூட்டையைக் கட்டிட்டு வந்து கணக்குப் படிக்கணும்" என்று சொல்லித்தான் அனுப்பினார். அவர் சொன்னால் சொன்னதுதான். அவளும் சரியென்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

வகுப்பில் மொத்தம் இருபத்து மூன்று பேர். நாடக வகுப்பில் எதற்கெடுத்தாலும் இரண்டிரண்டு பேராகப் பிரிவார்கள். பிரித்து முடித்தால் ஒருத்தி மிஞ்சுவாள். ஒவ்வொரு தடவையும் அது இவள்தான். வலியப் போய் யார் கையையும் பிடிக்கத் தெரியாது. பசங்க அவளுக்கு 'ஒத்தை' என்று பேர் வைத்துவிட்டார்கள். கேலியாகத்தான் வைத்தார்கள், ஆனால் அந்தப் பேர் அவள்மேல் பசை மாதிரி ஒட்டிக்கொண்டது.

வருடக் கடைசித் தேர்வு, இரண்டு பேர் நடிக்கிற காட்சி. வழக்கம்போல ஒத்தை மிஞ்சினாள். வாத்தியார் கொஞ்சம் யோசித்தார்.

"நீ தனியாவே பண்ணு. ஆனா எதிர்ல ஒரு ஆள் இருக்கறது உன் கண்ணுல தெரியணும். தெரியலைன்னா பாஸ் போட மாட்டேன்."

அவளே ஒரு காட்சி எழுதினாள். ஒரு பெண் வெளியூரில் தனியாக இருக்கிறாள். ரொம்ப நாள் கழித்து அவளுடைய அக்கா வந்து வீட்டுக்குக் கூப்பிடுகிறாள், திட்டுகிறாள், கெஞ்சுகிறாள். தங்கை மறுத்துவிடுகிறாள். அக்கா போய்விடுகிறாள். அவ்வளவுதான்.

அந்த அக்கா வேறு யார்? நான்தான். என் வசவு, உட்காரும்போது நாற்காலியை இடது கையால் ஒருபக்கமாகத் திருப்பிக்கொள்கிற பழக்கம், எல்லாவற்றையும் அப்படியே எழுதியிருந்தாள். போனில் படித்துக் காட்டினாள். "ஏண்டி, நான் இவ்வளவு நல்லாவா திட்டறேன்?" என்று கேட்டேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஒத்திகை அறை முழுக்கக் கறுப்பு. சுவர் கறுப்பு, தரை கறுப்பு, திரை கறுப்பு. ஜன்னலே கிடையாது. வெளியே பட்டப்பகலாக இருந்தாலும் உள்ளே எப்போதும் ஒரே நேரம்தான். ஒத்திகைக்கு மேடையமைப்பு எதுவும் போட மாட்டார்கள். தரையில் வெள்ளை டேப் ஒட்டி வீட்டை வரைந்துகொள்வார்கள். டேப் இருக்கிற இடம் சுவர். ஒரு வாசல் அகலத்துக்கு டேப் ஒட்டாமல் விட்டால் அது கதவு. வாத்தியார் இதில் மட்டும் கறார்.

"சுவரைத் தாண்டி நடக்காதீங்க. ஒருத்தர் தாண்டிட்டா அப்புறம் அங்க வீடே இல்ல."

தேர்வுக்கு முன்னால் விடுமுறை விட்டார்கள். எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். தேர்வு முடியாமல் அப்பா முகத்தில் விழிக்க அவளுக்குத் தைரியமில்லை. விடுதியில் அவளும் வார்டனும்தான். காலையில் ரொட்டி, மத்தியானம் ரொட்டி, மிச்ச நேரம் முழுக்க அந்தக் கறுப்பு அறை. நாள் முழுக்க யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டு வாயைத் திறந்தால், தன் குரலே யாரோ ஒருத்தியின் குரல் மாதிரி இருந்தது என்றாள்.

ஒத்திகை இப்படி நடக்கும். ஒரு மரக்கட்டையில் அவளே மூன்று தடவை தட்டுவாள். போய்க் காற்றில் கதவைத் திறப்பாள். "வா அக்கா" என்பாள். அக்கா பேசுகிற நேரத்துக்குச் சும்மா நிற்பாள், மனதுக்குள் எண்ணிக்கொண்டே. பிறகு தன் வசனம். எதிரே வெறும் நாற்காலி. எவ்வளவு முயன்றும் அது நாற்காலியாகவே இருந்தது. இரண்டாம் நாள் டேப்புக்கு நடுவிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

மூன்றாம் நாள் நாற்காலி கொஞ்சம் திரும்பியிருந்தது.

இடதுபக்கமாக.

கால் பட்டிருக்கும் என்று நினைத்து நேராக வைத்தாள். காட்சியை மறுபடி நடித்தாள். முடிந்ததும் பார்த்தாள். திரும்பியிருந்தது.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. அவள் எண்ணுவதை மறந்துவிட்டாள். ஆனாலும் எப்போது பேச வேண்டும் என்று சரியாகத் தெரிந்தது, எதிரே ஒருவர் பேசி முடித்தால் நமக்குத் தெரியுமே, அந்த மாதிரி. முதல்முறையாக நன்றாக வந்தது. சந்தோஷத்தில் நாற்காலியை மறந்தே போனாள்.

மறுநாள் துப்புரவுக்கார அம்மா வாசலில் நின்றுகொண்டு சொன்னார்.

"ரெண்டு பேரும் போகும்போது லைட்டை அணைச்சிட்டுப் போங்கம்மா."

"ரெண்டு பேரா?"

"அதான், உங்க அக்கா. என்னா திட்டு திட்டறாங்க! வெளிய வரைக்கும் கேக்குது."

அந்த அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஒத்தை மெல்லத் திரும்பித் தரையைப் பார்த்தாள். அந்த அறைக்குள் வெறுங்காலோடுதான் நடமாட வேண்டும். கறுப்புத் தரையில் தூசி படிந்திருந்தால் காலடி நன்றாகத் தெரியும். அவளுடைய தடம் எல்லா இடத்திலும் கிடந்தது. ஒட்டும்போது, துடைக்கும்போது, டேப்புக்கு மேலேயும் மிதித்திருந்தாள்.

இன்னொரு தடமும் இருந்தது.

கொஞ்சம் பெரிய கால். கதவுக்கு விட்ட இடத்தில் ஆரம்பித்து நாற்காலி வரைக்கும். நாற்காலியிலிருந்து திரும்பக் கதவு வரைக்கும். எந்த இடத்திலும் டேப்பைத் தொடவில்லை.

கதவுக்கு வெளியே... அந்தக் காலின் தடம் ஒன்றுகூட இல்லை.

மணி நாலு பத்து. வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

மரக்கட்டை அவள் கையில் இருந்தது. அவள் தட்டவில்லை.

டொக்.

டொக்... டொக்.

கதவுக்கு விட்ட இடத்திலிருந்து வந்தது. வெறும் காற்றிலிருந்து.

ஓடியிருக்க வேண்டும். நானாக இருந்தால் கட்டையை வீசிவிட்டு விடுதி வரைக்கும் ஓடியிருப்பேன். அவள் ஓடவில்லை. பயந்துதான் போனாள். ஆனால் அத்தனை நாளில் அவளைத் தேடி வந்து யாரும் கதவைத் தட்டியதில்லை.

போனாள். காற்றில் கதவைத் திறந்தாள்.

"வா அக்கா."

கர்ர்ர்...

நாற்காலி தானாகத் திரும்பியது.

அதற்குப் பிறகு தினமும் வந்தது. கதவு வழியாக வந்தது, கதவு வழியாகப் போனது. அவள் பயப்படுவதை விட்டுவிட்டாள். சாயங்காலம் ஆனால் அது போய்விடுமே என்றுதான் பயந்தாள்.

தேர்வு நாள் வந்தது. எல்லோரும் ஊரிலிருந்து திரும்பிச் சுற்றிலும் உட்கார்ந்திருந்தார்கள். ஒத்தை நடித்தாள். ஒருத்தரும் அசையவில்லை. கடைசியில் அக்கா போகிற இடம் வந்தது. கதவைத் திறந்து விட வேண்டும். அவள் திறக்கவில்லை. எழுதியதை மாற்றிவிட்டாள். பையிலிருந்து டேப் சுருளை எடுத்து, முழங்கால் போட்டு, கதவுக்கு விட்ட இடத்தை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒட்டி மூடினாள்.

"இனிமே எங்க போவே?" என்று நாற்காலியைப் பார்த்துச் சிரித்தாள்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வகுப்பிலேயே அவளுக்குத்தான் முதல் மதிப்பெண். கணக்குப் படிக்கத் தேவையில்லை.

தேர்வு முடிந்ததும் டேப்பைப் பிய்த்து உருட்டிக் குப்பையில் போட வேண்டும். அவளும் பிய்த்தாள். உருட்டினாள். பையில் போட்டுக்கொண்டாள்.

அதற்கப்புறம் எனக்கு போன் வருவது நின்றது. நானாகக் கூப்பிட்டேன்.

"என்னடி, கண்ணு தெரியலையா? அக்கான்னு ஒருத்தி இருக்கறதே மறந்து போச்சா?"

"அக்கா இங்கதானே இருக்கா."

"எந்த அக்காடி?"

அவளுக்குப் பின்னால் யாரோ தணிந்த குரலில் திட்டிக்கொண்டிருப்பது கேட்டது. எனக்கு அந்தக் குரல் தெரியும். காலை எழுந்ததிலிருந்து ராத்திரி வரைக்கும் என் வாயிலிருந்து வருகிற குரல்.

போன் கட்டாகிவிட்டது.

அன்றைக்கே பஸ் ஏறினேன். விடுதிக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்கிற நேரம். வார்டன் என்னைப் பார்த்துவிட்டு முழித்தார்.

"இப்பதானே மேல போனீங்க?"

நான் நின்று பதில் சொல்லவில்லை. இரண்டாம் மாடி, கடைசி அறை. செருப்பை வாசலில் கழற்றினேன். அப்போதுதான் நிலைப்படியைப் பார்த்தேன். இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் வெள்ளை டேப் ஒட்டியிருந்தது. பழைய டேப். சுருங்கி, தூசி படிந்து.

தட்டினேன். திறந்தாள்.

என் தங்கை. நான் தூக்கி வளர்த்தவள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். முகத்தில் ஒரு சலனமில்லை. திரும்பி அறைக்குள் பார்த்துச் சொன்னாள்.

"அக்கா... யாரோ வந்திருக்காங்க."

உள்ளே நாற்காலி நகர்ந்தது.

கர்ர்ர்...

டேப்பைத் தாண்டிக் காலை உள்ளே வைத்தேன். அவள் கையைப் பிடித்தேன். அந்த நேரம் பார்த்து விளக்கு போயிற்று.

இருட்டு.

என் பக்கத்தில் ஒரு மூச்சு.

டேப்பைப் பிய்க்கிற சத்தம்...

விளக்கு வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் நடைவழியில் நின்றுகொண்டிருந்தோம். கையைக் கோத்துக்கொண்டு. அவள் இன்னொரு கையில் கசங்கிய டேப். கதவு சாத்தியிருந்தது.

"போலாம் அக்கா" என்றாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். நானும் நடந்தேன்.

டேப்பை ஏன் பிய்த்தாள் என்று பஸ்ஸில் யோசித்தேன். தாண்டித்தானே உள்ளே போனேன், தாண்டியே வெளியே வந்திருக்கலாமே. அப்புறம் அதை விட்டுவிட்டேன். ஆள் கிடைத்தாளே, அது போதாதா? வீட்டுக்கு வந்த பிறகுதான் நான் வெறுங்காலோடு வந்திருப்பதைக் கவனித்தேன்.

அவள் தேறிவிட்டாள். பட்டம் வாங்கினாள். இப்போது ஒரு நாடகக் குழுவில் இருக்கிறாள். விடுதி வார்டன் மட்டும், நான் அவளைக் கூட்டி வந்து ஒரு மாதம் கழித்து, போன் செய்தார்.

"உங்க செருப்பு அந்த ரூம் வாசல்லயே கிடக்கும்மா. எடுத்துப் போடலாம்னா யாருக்கும் அந்தப் பக்கம் போகவே பிடிக்கல. ரூமைப் பூட்டி வெச்சிருக்கோம்."

"ஏன்?"

"உள்ளேருந்து தட்டற சத்தம் கேக்குது. யாரோ பொம்பளை... உங்க தங்கச்சி பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே தட்டறாங்க."

போன வாரம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வீடு கட்ட மனை வாங்கியிருக்கிறோம். அன்றைக்குத் தங்கையும் பார்க்க வந்திருந்தாள். கொத்தனார் வந்து வெள்ளைப் பொடியால் தரையில் அறைகளைக் கோடு போட்டுக் காட்டினார். இது கூடம், இது சமையலறை. வீட்டுக்காரர் கோடுகளைத் தாண்டித் தாண்டி நடந்து ஒவ்வொன்றாகக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். நான் கதவுக்கு விட்ட இடம் வழியாகச் சமையலறைக்குள் போய் நின்றேன். அதை அப்போது நான் கவனிக்கக்கூட இல்லை.

"இங்க கதவு வேணாம், அந்தப் பக்கம் வைங்க" என்றார் அவர். கொத்தனார் பொடியைத் தூவி இடைவெளியை மூடினார். "புதுக் கதவை நாளைக்குக் குறிச்சுக்கலாம் சார்" என்று கையைத் தட்டிக்கொண்டு போனார்.

வீட்டுக்காரர் வண்டியை எடுத்தார். ஹாரன் அடித்தார்.

"என்ன நின்னுட்டே? வா."

காலைத் தூக்கினேன்.

வைக்க முடியவில்லை.

வெறும் பொடிதான். ஊதினால் பறந்துவிடும். நான்கு பக்கமும் பார்த்தேன். நான்கு பக்கமும் கோடு.

தங்கை கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை. கண் மட்டும் நிறைந்திருந்தது. மெல்ல முழங்கால் போட்டாள். உள்ளங்கையால் பொடியைத் துடைத்தாள், ஒரு வாசல் அகலத்துக்கு.

"வா அக்கா."

வந்தேன்.

அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்காரர் காதில் விழாதபடி மெதுவாகச் சொன்னாள்.

"பரவால்ல. எனக்கு நீயே போதும்."