அஞ்சலையக்கா விற்காத பாப்கார்ன்

மீன்காரம்மாதான் வந்து சொன்னார். நெல்லித்தோப்பில் எங்கள் தெருவுக்குத் தினமும் காலையில் கூடையோடு வருகிறவர், குருசுக்குப்பத்துக்காரர். அன்றைக்குக் கூடையை இறக்கவில்லை. தலையிலேயே வைத்துக்கொண்டு, "உங்க தியேட்டர்ல பாப்கார்ன் விக்குமே எங்க அஞ்சலை, அது போயிடுச்சும்மா. காலையில வாசல் தெளிக்கும்போது நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்துச்சாம். அவ்ளோதான்" என்றார். நான் சட்டியைக் கையில் பிடித்தபடி நின்றேன். "நேத்து சாயந்திர ஆட்டத்துக்கு என் கையிலேர்ந்துதானே கடைய வாங்கிச்சு" என்றேன். "நேத்து எல்லாரும்தாம்மா இருந்தோம்" என்று சொல்லிவிட்டு, எங்கள் தெருவில் விற்காமலே போய்விட்டார்.

காரியத்தன்று தியேட்டர் ஆட்கள் எல்லாரும் அக்காவைப் பற்றிப் பேசினீர்கள். என்னையும் பேசச் சொன்னீர்கள். எனக்கு வாய் எழும்பவில்லை. எட்டாவதோடு நின்றவள் நான். தப்பு இருந்தால் திருத்திச் சொல் என்று பெரிய மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அக்காவைத் தெரிந்த உங்களுக்குத்தான்.

அக்காவின் குரல் உங்கள் யாருக்கும் மறந்திருக்காது. இடைவேளைக்கு விளக்கு எரிந்தால் போதும், "பாப்கார்ன் சூடேய்..." என்று ஒரு சத்தம் கிளம்பும். கரையில் மீன் ஏலம் கேட்டுப் பழகிய குரல். ஒருநாள் மேனேஜர் காதைப் பொத்திக்கொண்டு வந்து, "இது தியேட்டர்மா, மீன் மார்க்கெட் இல்ல" என்றார். "ரெண்டுலயும் ஆறிப்போனா வெல போவாது சார்" என்றது அக்கா. அவர் சிரித்துக்கொண்டே ஒரு பொட்டலம் வாங்கிப் போனார்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். வீட்டுக்காரர் எங்களை விட்டுப் போனபிறகு, நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் நான். கூட்டம் என்றாலே பயம். இடைவேளையில் அத்தனை பேர் ஒரே நேரத்தில் கையை நீட்டியதும் எனக்குக் கண் இருட்டிவிட்டது. அக்கா இடுப்பால் என்னை ஒரு இடி இடித்தது. "யாரு மூஞ்சியையும் பாக்காதடி. கையப் பாரு. காசு இருக்கிற கைக்குக் குடு." அதன்படி கொடுக்க ஆரம்பித்தேன். கூட்டம் கலைந்தபிறகு, "கொஞ்சம் சிரிச்சாத்தான் என்னவாம்? உன் மூஞ்சியப் பாத்துட்டு சோகப் படம்னு நெனச்சிப் பாதிபேரு வீட்டுக்குப் போயிட்டான்" என்றது. எனக்கு அப்போது கோபம்தான் வந்தது.

வீராம்பட்டினத்துப் பெண்கள் ஒரு கூட்டமாக வந்ததையும் சொல்லவேண்டும். வெளித் தீனி உள்ளே போகக் கூடாது என்பது நம்ம தியேட்டர் சட்டம். கேட்டில் பிடித்த டிபன் டப்பாவை அவர்கள் எங்களிடம் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். அக்கா மூடியைத் திறந்து மோந்து பார்த்தது. "காரப்பொடியா?" என்றது. வாசனையை வைத்தே என்ன மீன் என்று கண்டுபிடித்ததும் அவர்கள் சிரித்துவிட்டார்கள். "இதுல எனக்கு ஒண்ணு, இவளுக்கு ஒண்ணு. மீதிய இடைவேளையில இங்கயே நின்னு தின்னுட்டுப் போங்க. தொட்டுக்கப் பாப்கார்ன் வாங்கிக்குங்க."

"மீனுக்கு பாப்கார்ன் தொட்டுக்கறதாக்கா?"

"இருட்டுல எல்லாம் ஒத்துப்போவும்டி."

வாங்கினார்கள். தின்றார்கள். போகும்போது அதில் ஒருத்தி, "ஏன்க்கா, முன்னெல்லாம் ஏலத்துல உன் சத்தந்தான் கேக்கும். இப்ப கரைப்பக்கமே காணோமே?" என்றாள். அக்கா எண்ணெய்த் துணியால் மேசையைத் துடைத்தது. துடைத்த இடத்தையே துடைத்தது.

அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னது. சுனாமியில் அவர்கள் படகு போய்விட்டது. மாமாவுக்கு, அதுதான் அக்கா வீட்டுக்காரருக்கு, அதில் அடிபட்ட கால் போகவில்லை என்றாலும் முன்னைப்போல் ஊன்ற முடியவில்லை, உட்கார்ந்த இடத்தில் அடுத்தவர் வலையைத் தைத்துக் கொடுக்கிறார். அக்காவின் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. "தண்ணி வந்துட்டுப் போனதுலேர்ந்து எனக்கு கடலப் பாக்க முடியலடி. பாத்தா கை காலெல்லாம் வெட்டி இழுக்குது. ராவெல்லாம் அலைச்சத்தம் காதுல ஈயத்தக் காச்சி ஊத்தற மாதிரி இருக்கு. இங்க வந்தாத்தான், படத்துச் சத்தத்துல அது கேக்கல. உக்காந்து நாலு வாய் சோறு உள்ள போவுது." இதைச் சொல்லிவிட்டு, "இதையும் சோகப் படமா ஆக்கிடாத" என்று என் கன்னத்தில் இடித்தது.

அப்புறம் மெஷின் வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் சோளம் பொரிந்து கொட்டும் மெஷின். அதற்கு முன் பொட்டலமாக வெளியிலிருந்து வரும், நாங்கள் விற்போம். மெஷின் வந்த வாரமே காண்டிராக்டர் எங்கள் ரெண்டு பேரையும் கூப்பிட்டார். "இனிமே ஒரு ஆள் போதும். யாரப் போகச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. ஞாயித்துக்கெழம மேட்னி இங்கிலீஷ் படம், கூட்டம் வரும். வராந்தாவுல அந்த முனைக்கு ஒரு மேசை, இந்த முனைக்கு ஒரு மேசை. ரெண்டு கூடையிலயும் சமமா ரொப்பித் தர்றேன். எவ கூடை மொதல்ல காலியாவுதோ அவ இருக்கட்டும்" என்றார். கெட்ட மனுஷன் இல்லை. தானே ஒருத்தியைக் கைகாட்டக் கூச்சப்பட்டு இப்படி ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்.

அன்று பஸ் ஸ்டாண்டு வரை ரெண்டு பேரும் சேர்ந்து நடந்தோம். அக்காதான் பேச்சை எடுத்தது. "நீ ரெண்டு பொட்டப்புள்ளைய வச்சிருக்க. நீ இரு."

"நீ எங்கக்கா போவ?"

"கூடை இருக்கு. கரை இருக்கு."

சோடாக்கடைப் பக்கம் பார்த்துக்கொண்டுதான் அதைச் சொன்னது. "பேச்சுக்கு ஒண்ணும் கொறச்சலில்ல. நாளான்னைக்கு தொண்டை கிழியக் கத்தி நீதான் ஜெயிக்கப் போற, பாரு" என்றேன். அக்கா சிரித்தது. நானும் சிரித்தேன். என் மனதுக்குள் முடிவு பண்ணிவிட்டேன். எனக்குப் பாத்திரம் தேய்க்கிற வேலை இருக்கிறது. அது கை நோவும், அவ்வளவுதான். அக்காவைக் கரைக்கு அனுப்பிவிட்டு நான் மெஷினில் சோளம் பொரிக்கமாட்டேன்.

இங்கிலீஷ் படத்துக்கு இடைவேளை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். தமிழ்ப் படத்தில் 'இடைவேளை' என்று எழுத்தே போட்டு வரும். இங்கிலீஷ் படத்தில் நம்ம ஆபரேட்டர் நிறுத்துகிற இடம்தான் இடைவேளை. அதற்கும் முன்னால் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "அஞ்சலை, ரெடியா?" என்பார். அக்கா கையைத் தூக்கினால்தான் படம் நிற்கும். ஒருமுறை கதாநாயகன் மாடி விளிம்பில் ஒரு கையில் தொங்கும்போது நிறுத்திவிட்டார். எனக்குப் பதைப்பாக இருந்தது. "தொங்கட்டும்டி. நாம வித்து முடிச்சதும் ஏறிக்குவான்" என்றது அக்கா.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் கையைத் தூக்கியது. விளக்கு எரிந்தது. ஜனம் வந்து மோதியது. என் மேசைக்கு முதலில் வந்தவரிடம் மெதுவாக, "இது கொஞ்சம் ஆறிடுச்சுங்க. அந்த முனையில சூடா இருக்கு, அங்க போங்க" என்றேன். போனார். அடுத்தவரையும் அனுப்பினேன். அடுத்த அம்மாவையும் அனுப்பினேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன்.

முதலில் போனவர் திரும்பி வந்தார். "அந்தம்மா உங்ககிட்டதான் சூடுன்னு சொல்லுது."

எனக்குப் புரியவில்லை. "இல்லீங்க, அங்கதான், போங்க" என்றேன். அதற்குள் ஒரு கும்பல் அங்கேயிருந்து இங்கே வருகிறது, ஒரு கும்பல் இங்கேயிருந்து அங்கே போகிறது. நடுவில் ரெண்டும் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு அம்மா அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "யாராவது ஒருத்தி குடுத்துத் தொலைங்கடி" என்று கத்துகிறாள். இங்கிலீஷ் படம் ஒன்றையும் விடாத நம்ம சொல்தா தாத்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்சன்காரர், கைத்தடியை ஊன்றி என் முன்னால் நின்றார். "மதாம், பட்டாளத்தோட நடையெல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சேன். இதோட மூணு தரம் போய் வந்துட்டேன். இங்க பாப்கார்ன் விக்கிறீங்களா, இல்ல பரேடு விடறீங்களா?"

அப்போதுதான் அந்த முனையிலிருந்து ஏலக் குரல் கேட்டது. "இங்க ஆறிப்போச்சேய்! எல்லாம் ஆறிப்போச்சு! அந்தப் பக்கந்தான் சூடு, அந்தப் பக்கம் போங்கேய்!"

வாழ்நாளெல்லாம் சரக்கை விற்ற குரல், தன் சரக்கு ஆகாது என்று தானே கூவியது.

மணி அடித்தது. ஆபரேட்டர் படத்தைப் போட்டார். உள்ளே பாதி நாற்காலி காலி. உள்ளே இருந்தவன் விசில் அடிக்கிறான், வெளியே இருந்தவன் சண்டைக்கு வருகிறான். அவர் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி நிறுத்தினார். ஒரு படத்துக்கு ரெண்டு இடைவேளை விட்டது அன்றைக்குத்தான்.

காண்டிராக்டர் வந்து பார்த்தார். ரெண்டு கூடையும் ரொப்பியபடி இருந்தது. "விக்க வந்தீங்களா, வெரட்ட வந்தீங்களா? ரெண்டு பேரும் பேசி வச்சிக்கிட்டு என்னை முட்டாளாக்குறீங்களா?"

நாங்கள் பேசி வைத்திருந்தால் தேவலையே. அக்கா அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வராந்தாவின் அந்த முனையிலிருந்து நேராக என்னிடம் வந்தது. "ஏண்டி, நீ ஏன் இங்க அனுப்புன?"

"நீ ஏன்க்கா அனுப்புன?"

"புள்ளைங்களுக்கு என்னாத்தடி போடுவ? பாப்கார்னையா?"

"என் புள்ளைங்கள நான் பாத்துக்குவேன். நீ கரைக்குப் போய் நிப்பியா? நிப்பியாக்கா?"

"அது என் பாடு!"

"இது என் பாடு!"

ரெண்டு பேருக்கும் அழுகை. ஆனாலும் சண்டையை விடவில்லை. காண்டிராக்டர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்து ரெண்டு வாய் தின்றார். "உண்மையாவே ஆறிப்போச்சு" என்றார். மறுநாள் மேனேஜரும் அவரும் பேசி முடிவு சொன்னார்கள். மேட்னிக்கு நான், சாயந்திர ஆட்டத்துக்கு அக்கா. ஆளுக்கு அரைச் சம்பளம்.

அரைச் சம்பளத்தில் ரெண்டு வீடும் இழுத்துப் பிடித்து ஓடியது. நான் காலையில் ஒரு வீட்டு வேலை பார்த்தேன். அக்கா அக்கம்பக்கத்தில் ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக் கொடுத்தது. கரைக்குப் போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரே இடைவேளையில் ரெண்டு பேரும் சேர்ந்து நின்று விற்றதே கிடையாது. நான் கடையை ஒப்படைக்கிற நேரத்தில்தான் பார்த்துக்கொள்வோம். அதற்காகவே அக்கா சீக்கிரம் வந்துவிடும். சில நாள் கருவாடு கொண்டுவரும். "பையில வச்சிக்கோ. பஸ்ஸுல பக்கத்து சீட்டு காலியாவும், காலை நீட்டிக்கிட்டுப் போ" என்று சொல்லும். கடைசியாகப் பார்த்த சாயந்திரமும் டீ குடித்தோம். விசேஷமாக ஒன்றும் பேசவில்லை. "நாளைக்குப் புதுப் படம், சோளத்த அதிகமா ஊற வச்சிடாத" என்றது. சோளத்தை யாராவது ஊறவைப்பார்களா என்று நான் கேட்கவேண்டும் என்பதற்காகவே சொன்னது. நானும் கேட்டேன்.

அக்கா வீட்டுக்கு நான் முதல்முறை போனது அது இறந்த அன்றுதான். எத்தனையோ தரம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். "வேணாம்டி, அங்க அலை கத்தும்" என்று தட்டிவிடும். ரோட்டுப் பக்கம் ஒரு வாசல், கடலைப் பார்த்து ஒரு வாசல். கடல் பக்கத்துக் கதவைக் குறுக்குப் பலகை வைத்து ஆணி அடித்திருந்தார்கள். போதாததற்கு அதன்மேல் பீரோவை நகர்த்திச் சாய்த்திருந்தார்கள். மாமா என்னைப் பார்த்துச் சொன்னார்: "தண்ணி வந்த வருசத்துல அவளே அடிச்ச ஆணிம்மா. பொடவைய உருளையா சுத்திக் கதவு இடுக்குல அடைச்சிருக்கா பாரு, சத்தம் வரக்கூடாதாம்." எடுத்துப் போகும்போது கரை வழியாகப் போனால் கிட்டம் என்று யாரோ சொன்னார்கள். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. ஊரைச் சுற்றி ரோட்டு வழியாகத்தான் கொண்டுபோனார்கள். நீங்கள் சிலர் வெயிலில் அவ்வளவு தூரம் ஏன் என்று கேட்டீர்கள். அதனால்தான்.

காரியம் முடிந்த மறுநாள் காண்டிராக்டர் கூப்பிட்டார். "விஜயா, இனிமே ரெண்டு ஆட்டமும் நீயே பாத்துக்க. முழுச் சம்பளம்" என்றார். நான் சரி என்று சொல்லிவிட்டேன். வேண்டாம் என்று சொல்கிற நிலையில் நான் இல்லை. சொன்னால் அக்காவே அடிக்க வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை முடியாமல் போன போட்டியில் கடைசியில் நான் ஜெயித்துவிட்டேன். இப்படி ஜெயிப்பேன் என்று நினைக்கவில்லை.

என்னிடம் அக்காவின் ஒரு போட்டோகூட இல்லை. எங்களை யார் போட்டோ எடுத்தார்கள்? என்னிடம் இருப்பது ஒன்றுதான். தன் கையால் ஆணி அடித்து, பீரோவைச் சாய்த்து, புடவையால் இடுக்கை அடைத்துவைத்த அந்தக் கதவை, என் பிள்ளைகள் சாப்பிடவேண்டும் என்பதற்காகத் திறந்துகொண்டு போக ஒருத்தி தயாராக இருந்தாள். கூடப் பிறந்தவளும் இல்லை, சொந்தக்காரியும் இல்லை. நான் உயிரோடு இருக்கிறவரைக்கும் எனக்கு அது போதும்.