கடைசி பாட்டில்

மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபத்தைந்து வருடம் லென்ஸ் தேய்த்த கண்கள் அவருடையவை. முடியளவு கீறல்கூட அவற்றுக்குத் தப்பாது. ஆனால் வீட்டு உப்புத்தண்ணீர்த் தொட்டியில் நீலமும் ஆரஞ்சும் குழைத்த அந்த ஒற்றை மீன், நாளுக்கு நாள் வயிறு ஒட்டிப்போவதை அந்தக் கண்களால் பார்த்துத் தாங்க முடியவில்லை.

உயிருள்ள இரையைத் தவிர அது வேறெதையும் தொடாது. தூசியளவுப் பூச்சிகள்தான் அதன் சாப்பாடு. பூச்சிகளுக்குச் சாப்பாடு, பாசி வளர்த்த பச்சைத்தண்ணீர். அவர் பூச்சி வளர்த்த வாளி போன மாதம் நாறிப்போய், ஒன்றுகூட மிஞ்சவில்லை.

சகலையிடம் கேட்டால் ஒரு கப் கிடைக்கும். கேட்பதா? பள்ளி வேன் ஓட்டும் அவனுக்கு முதல் கப் பூச்சியைக் கொடுத்ததே இவர்தானே! இன்று அவன் மீன் கொழுகொழுவென்று திரிகிறது. சொந்தபந்தமெல்லாம் அங்கேதான் வேடிக்கை பார்க்கப் போகிறது.

"தங்கச்சி வீட்டு மீனு விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி இருக்குங்க. நம்மளது மருமக கிட்ட மாட்டுன மாமியார் மாதிரி இருக்கு" என்றாள் மனைவி.

அவர் வயிறு பற்றி எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சகலை வீட்டுக்குப் போனார். ஜன்னலோரம் ஆறு பாட்டில் பச்சைத்தண்ணீர், பக்கத்தில் பூச்சி வாளியும் கப்பும். கடைசி பாட்டில் மட்டும் கண்ணைப் பறிக்கும் பச்சை.

"உக்காருங்கண்ணே, டீ போட்டுட்டு வந்துடறேன்" என்று சகலை உள்ளே போனான்.

பூச்சி வாளியில் போட்ட கப் பச்சைத்தண்ணீரில் படவே கூடாது. ஒரு சொட்டு போதும், பூச்சி பெருகி மொத்தப் பச்சையையும் தின்றுவிடும். அதை அவனுக்குச் சொன்னவரும் இவர்தான். கப்பை வாளியில் முக்கி, கடைசி பாட்டிலில் கவிழ்த்தார். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

பன்னிரண்டாம் நாள் சகலை வாசலில் வந்து நின்றான். கையில் துண்டு சுற்றிய பாட்டில். முகம் தொங்கிப்போயிருந்தது.

"அண்ணே, உங்க வாளி போச்சுன்னு அக்கா சொன்னாங்க. நீங்க வாய் தெறந்து கேக்க மாட்டீங்க. அதான் இந்தக் கடைசி பாட்டில் பச்சையை உங்களுக்குன்னே தனியா வளத்தேன், பூச்சியோட சேத்துக் குடுக்கலாம்னு. எப்படின்னு தெரியல, தெளிஞ்சு போச்சு. என்ன தப்புன்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். தண்ணீர் முழுக்கத் துள்ளும் வெண்பொடி. பூச்சிகள்! ஆயிரமாயிரம் பூச்சிகள்!

பாட்டிலைத் தொட்டியில் ஊற்றினார். கல்லுக்கடியிலிருந்து மீன் தள்ளாடி வந்தது. ஒரு கொத்து. இன்னொரு கொத்து.

"சாப்பிடுதுண்ணே! உங்க கைராசியே ராசி!"

அந்தச் சொல்தான் அவரை உடைத்தது.

"கைராசியாடா? அன்னிக்கு உன் வீட்டுல இந்தப் பாட்டில்ல பூச்சியைப் போட்டதே இந்தக் கைதான். வயித்தெரிச்சல்ல போட்டேன்."

சகலையின் கண் கலங்கியது. பிறகு தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"மொதல்ல அது சாப்பிடட்டும். சண்டையை அப்புறம் போட்டுக்கலாம்."

அந்தப் பேச்சில் 'அண்ணே' மட்டும் இல்லை.